இறங்காத மணப்பெண்ணும் இறுகிய பிரேக்கும்

வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர், "பிரேக் பர்ஸ்ட் கிளாஸ்ணே, தொட்டா புடிக்குது" என்று பெருமையடித்தால் உங்களுக்கெல்லாம் முகம் மலர்ந்துவிடுகிறது. நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கோ அந்த வார்த்தையைக் கேட்டாலே சந்தேகம்தான் வரும். தொட்டதும் பிடிக்கிற பிரேக், தொடாதபோதும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் காப்பி குடிக்கப் போகலாம்.

நம் பட்டறைத் தொழிலாளர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். பிரேக் பெடலைச் சரிசெய்வது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் படம் போட்ட புத்தகங்கள் இருக்கின்றன. பெடல் முதலில் கொஞ்சதூரம் ஒன்றும் செய்யாமல் சும்மா இறங்கவேண்டும், அதன்பிறகே பிடிக்கவேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சும்மா தூரத்தை ஒழித்துவிடத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கிறது. ஏனென்று கேட்டால் வண்டிக்காரர் அப்படித்தான் கேட்கிறார் என்கிறீர்கள். வண்டிக்காரர் கேட்பதையெல்லாம் கொடுப்பதற்கு நாம் பலசரக்குக் கடையா நடத்துகிறோம்?

நான் சொல்லப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றி. முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துத் துரைமார்களே வண்டிகளை விற்றுவிட்டு ரயிலேறிய காலம். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பட்டறையில் பிட்டராக, வண்டி பூட்டிச் சரிசெய்கிற ஆளாக இருந்தேன். அங்கே போர்மேனாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பெயரை எழுதமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. எங்களுக்கு அவர் போர்மேன், அவ்வளவுதான்.

என்னைவிட ஓரிரு வயதுதான் கூட இருக்கும். ரயில்வேயில் தொழில் பழகியவர். வெள்ளை டிரில் கால்சட்டை போட்டுக்கொண்டு பட்டறைக்கு வருவார். சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். கிரீஸ் அவரிடம் ஒட்டப் பயப்படும் என்று நாங்கள் கேலி பேசுவோம். நாக்கோ அரம். எந்த வேலையைச் செய்துகாட்டினாலும், "ம்" என்பார். இரண்டு தடவை "ம்" என்றால் பாராட்டு. எனக்கு அவரைப் பிடிக்காது. வேலை தெரியும் என்கிற தலைக்கனம் எனக்கும் இருந்தது, ஓர் உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்? அந்தக் கல்யாண நாள்வரை அப்படித்தான் இருந்தது.

அன்று காலை பட்டறை வாசலில் சவரிமுத்துவின் வண்டி வந்து நின்றது. சவரிமுத்து வாடகை வண்டி ஓட்டுகிறவர். அவருடையது பெரிய அமெரிக்க டூரர் கார், கித்தான் கூரை. நடுவில் மடக்கு நாற்காலிகளும் உண்டு. கல்யாணம், கோயில், பத்துமலை என்று எதற்கும் அந்த வண்டியைத்தான் அழைப்பார்கள். அன்றும் கல்யாணம்தான். வண்டி முன்னால் வாழைக்கன்று, பக்கத்தில் மாவிலை, விளக்குகளில் மல்லிகைச் சரம். உள்ளே செந்தூலிலிருந்து புறப்பட்ட பெண்வீட்டார் அடுக்கிவைத்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மணப்பெண். பின்னால் கட்டியிருந்த சாமான் பலகையில் சீர் தட்டுகள், பித்தளைக் குடங்கள், அரிசி மூட்டை. முகூர்த்தம் கிள்ளானில், முற்பகலில்.

சவரிமுத்து இறங்காமலே சத்தம் போட்டார். "போர்மேன் சார், வண்டி இழுக்க மாட்டேங்குது! இஞ்சின்ல என்னமோ கோளாறு. சட்டுன்னு பாத்து விடுங்க, கல்யாணப் பொண்ணு உள்ள இருக்கு!"

நான் இஞ்சின் மூடியைத் தூக்கப் போனேன். போர்மேன் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். மூக்கை உயர்த்தி ஒருமுறை மூச்சை இழுத்தார். மல்லிகை, சந்தனம், ஜவ்வாது எல்லாவற்றுக்கும் அடியில் கருகிய துணிபோல ஒரு வாடை.

"பிரேக்கிலை கை வச்சது ஆர்?" என்று கேட்டார்.

சவரிமுத்துவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நான்தான் சார். பெடல் கொஞ்சம் ஆழமா போச்சு. கல்யாண லோடு ஆச்சே, நேத்து சாயங்காலம் நானே ராடை முறுக்கி விட்டேன். இப்ப பாருங்க, தொட்டா புடிக்குது!"

போர்மேன் பின்சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்து, டிரம்முக்கு நேராகப் புறங்கையைக் காட்டினார். தொடவில்லை. தொடுவதற்கு முன்பே கையை எடுத்துக்கொண்டார்.

உங்களுக்கு அந்தக் கால அமைப்பைச் சொல்லவேண்டும். இப்போதுபோல் எண்ணெய்க் குழாய் கிடையாது. பெடலை மிதித்தால் ஓர் இரும்பு ராடு இழுக்கும். ராடு இழுத்தால் சக்கரத்தோடு சுழல்கிற டிரம் என்கிற இரும்பு வளையத்தை வெளிப்பக்கமாகச் சுற்றியிருக்கிற பட்டை இறுகும். சவரிமுத்து வண்டியில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பெடல் பிரேக். டிரம் சூடேறினால் விரியும். விரிந்தால் பட்டையோடு இன்னும் உரசும், உரசினால் இன்னும் சூடேறும். அப்படியே விட்டால் சரிவில் பட்டை கருகி, கடைசியில் பிரேக்கே இல்லாமல் போகும். கிள்ளானுக்குள் நுழைவதற்கு முன்னால் ஆற்றுப் பாலத்துக்கு இறங்குகிற சரிவு ஒன்று உண்டு. எங்கள் இருவருக்கும் தெரிந்த இது, வண்டியிலிருந்தவர்கள் யாருக்கும் தெரியாது.

"எல்லாரும் ஒருக்கா இறங்குங்கோ" என்றார் போர்மேன்.

ஆண்கள் இறங்கினார்கள். பெண்ணின் தகப்பனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். ரயில்வே கிளார்க், நேரம் தவறாத மனுஷர். பின்னாலிருந்த மூட்டைகளையும் இறக்கவைத்தார் போர்மேன். மணப்பெண் இறங்கப் போனபோது, பக்கத்திலிருந்த அத்தை அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

"பொண்ணு இறங்கக் கூடாது! நல்ல சகுனம் பாத்து ஏத்துன பொண்ணு. கோயில் வாசல்லதான் காலைத் தரையில வைக்கணும். நடுவழியில இறங்குனா ஆகாது."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். போர்மேன் இந்தமாதிரிப் பேச்சுக்கெல்லாம் கடித்துக் குதறுகிறவர். ஆனால் அவர், "நல்லது அம்மா, இருங்கோ" என்றுமட்டும் சொன்னார். பிறகு என்னிடம், "தள்ளிப் பாரும்" என்றார்.

நானும் சவரிமுத்துவும் தள்ளினோம். கொஞ்சம் முனகிவிட்டு வண்டி நகர்ந்தது.

"இப்ப எல்லாரும் ஏறுங்கோ. மூட்டையையும் ஏத்துங்கோ."

"இறங்குன்னீங்க, இப்ப ஏறுன்னுறீங்க. விளையாடுறீங்களா?" என்று தகப்பனார் சீறினார். ஆனாலும் ஏறினார்கள். வண்டியின் பின்பக்கம் அமிழ்ந்தது. மறுபடி தள்ளினோம். பட்டறையில் இருந்த இன்னும் இரண்டு பேரும் வந்து கைகொடுத்தார்கள். சுவரைத் தள்ளுவதும் அதைத் தள்ளுவதும் ஒன்றாக இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆள் ஏறினால் ஸ்பிரிங் வில் அமுங்குகிறது. வில் அமுங்கினால் அச்சு கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அச்சு பின்னுக்குப் போனால் ராடு தானாக இழுபடுகிறது. காலி வண்டியில் சவரிமுத்து தளர்வே இல்லாமல் முறுக்கியிருந்தார். கல்யாண கோஷ்டி ஏறி உட்கார்ந்ததும், யாரும் மிதிக்காமலே பிரேக் மிதிபட்டுவிட்டது. செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ்வரை அந்த வண்டி பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. சவரிமுத்துவைக் குறை சொல்லமாட்டேன். கூட்டம் ஏறுகிறது, பிரேக் இறுக்கமாக இருக்கட்டும் என்று அக்கறையோடு செய்தார். வாடகை வண்டிக்காரர்கள் எல்லாரும் கல்யாணத்துக்கு முதல்நாள் அதைத்தான் செய்வார்கள். அக்கறையில் செய்த தப்பு என்பதால்தான் அது யார் கண்ணிலும் படவில்லை.

"ஆளுங்கள இறக்கிட்டு ராடைக் கொஞ்சம் இளக்கிடுறேன்" என்றேன் நான்.

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு?"

"ஒரு மதிப்பா..."

"மதிப்புக்கு ஒரு மணப்பெண்ணை அனுப்ப ஏலாது. வண்டி எப்பிடிப் போகப்போகுதோ அப்பிடியே நிக்கோணும். ஒருத்தரும் இறங்கவேண்டாம். அந்த அம்மா சொன்னதுதான் சரி." அத்தையின் பக்கம் திரும்பி, "உங்கட சாத்திரம் எனக்கு இண்டைக்கு நல்ல உதவி" என்றார். அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிர்த்துப் பேசத் தயாராக இருந்தவருக்குச் சண்டைபோட ஆள் கிடைக்கவில்லை.

ஆனால் நான் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்ததும் அத்தை பழைய உஷாருக்கு வந்துவிட்டார். "ஐயையோ, இதென்ன அக்கிரமம்! பட்டுப்புடவையோட பொண்ணு உக்காந்திருக்கா, அவ காலடியில ஒரு ஆம்பளை படுத்திருக்கானே!"

"காலடியிலை கிடக்கிறவன்தான் இண்டைக்கு உங்கட குலதெய்வம். கும்பிடாட்டியும் பறவாயில்லை, திட்டாதேங்கோ" என்றார் போர்மேன். வண்டிக்குள் யாரோ குலுங்கிச் சிரித்தார்கள். அது மணப்பெண்தான் என்று பிறகு தெரிந்தது.

போர்மேன் பெடலைத் தானே மிதிக்கவில்லை. சவரிமுத்துவை மிதிக்கச் சொன்னார். சவரிமுத்து வெறுங்காலோடு ஓட்டுகிறவர் என்பதால் போர்மேன், "அங்கை மிதிக்கப்போறது உம்மட கால்தானே, என்ர சப்பாத்து இல்லையே" என்று சொன்னார். நான் அடியில் நட்டைத் தளர்த்தி ராடைத் திருப்பத் திருப்ப, போர்மேன் கதவருகே நின்று பெடல் இறங்குவதைப் பார்த்து, "இன்னும்... இன்னும்... நில்லும்" என்றார். பிறகு இரண்டு தடவை "ம்" என்றார். சாக்கில் படுத்தபடி நான் சிரித்துக்கொண்டேன்.

அதோடு முடிந்தது, கிளம்பலாம் என்றுதான் நினைத்தேன். தகப்பனாரும் அப்படியே நினைத்தார். போர்மேன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"டிரம் ஆறோணும்."

"ஆறுற வரைக்கும் முகூர்த்தம் காத்திருக்குமா? தண்ணி ஊத்துங்க!" தகப்பனாரே இறங்கிப் போய்க் குழாயடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஜரிகை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் வாளி. போர்மேன் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வெள்ளைக் கால்சட்டை நனைந்தாலும் நகரமாட்டார் என்று தெரிந்தது.

"சூட்டிலை தண்ணி ஊத்தினால் டிரம் வெடிக்கும், இல்லாட்டிக் கோணும். வெடிச்சது தெரியாமலே போய், சரிவிலை தெரியும். ஐயா, வாளியை வையுங்கோ."

தகப்பனார் வாளியை வைத்தார். வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் கீழே கொட்டியது. "உங்க வண்டியும் வேணாம், நீங்களும் வேணாம். ஸ்டேசன் பக்கத்துலதானே இருக்கு? ரயில்ல போயிக்கிறோம்."

"நல்ல யோசனை. நானே கூட்டிக்கொண்டு போய் ஏத்திவிடுறன்" என்றார் போர்மேன். கோபமில்லாமல்தான் சொன்னார்.

"பொண்ணு இறங்கக் கூடாது!" என்றார் அத்தை.

தகப்பனாரும் அவர் தங்கையான அத்தையும் வண்டிக்கு வெளியேயும் உள்ளேயுமாக நின்று வாக்குவாதம் பண்ணினார்கள். ரயில் எப்போது என்று ஒருவர், சகுனம் என்னாவது என்று ஒருவர். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் தவறினால் அடுத்த நல்ல நாள் எப்போதோ, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று தகப்பனார் புலம்பத் தொடங்கினார். நான் அவரைப் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்தேன்.

கடைசியில் அவர் போர்மேனுக்கு நேராக வந்து நின்றார். "ஒரே வார்த்தையில சொல்லுங்க சார். இந்த வண்டி பத்திரமா போய்ச் சேருமா, சேராதா?"

போர்மேன் மறுபடி சக்கரத்தருகே குனிந்தார். டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆச்சரியம். எதற்கும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொல்கிற மனிதர். சொல்லிவிடுங்களேன், 'சேரும்' என்று சொல்லித் தொலையுங்களேன் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

அப்போதுதான் மணப்பெண் பேசினாள். அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்தவள்.

"அண்ணே, நீங்க இந்த வண்டியில ஏறுவீங்களா?"

போர்மேன் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் பிள்ளை. வாறன்" என்றார்.

உள்ளே போய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "நீரும் ஸ்பானரோடை ஏறும்" என்றார். நாங்கள் இரண்டு பேர் ஏறினால் பாரம் கூடுமே, செய்த வேலையெல்லாம் வீணாகுமே என்று நான் யோசிப்பதற்குள் அவரே வண்டிக்குள் இருந்தவர்களை ஒரு நோட்டம் விட்டார். எங்கள் இருவர் எடைக்குச் சரியாகப் பெண்ணின் சித்தப்பா ஒருவரையும் அவர் மகனையும் பொறுக்கி எடுத்து, ரயிலில் வரச்சொல்லி இறக்கிவிட்டார். சித்தப்பாவுக்கு இட்லியும் காப்பியும் ஸ்டேசனில் கிடைக்கும் என்று தெரிந்ததும் மறுபேச்சு இல்லை.

டிரம் கை வைக்கிற அளவுக்கு ஆறியபிறகுதான் புறப்பட்டோம். முழுக்க ஆறவில்லை. அதுவரை காத்திருக்க நேரமில்லை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

முன்னால் சவரிமுத்துவுக்குப் பக்கத்தில் போர்மேன். நான் நடு மடக்கு நாற்காலியில். பங்சார் ரப்பர் தோட்டத்தைத் தாண்டிக் கிள்ளான் சாலையில் வண்டி சுகமாக ஓடியது. போர்மேன் வாயாடத் தொடங்கினார். எனக்கு நம்பமுடியவில்லை. பட்டறையில் "ம்" என்பதற்கே கஞ்சத்தனம் பண்ணுகிறவர், தகப்பனாரோடு ரயில்வே கதை பேசுகிறார், அத்தையிடம் கிள்ளான் பாசாரில் மீன் என்ன விலை என்று கேட்கிறார். சீக்கிரமே வண்டிக்குள் எல்லாரும் கல்யாணக் களைக்கு வந்துவிட்டார்கள். அத்தை தாம்பூலத் தட்டைத் திறந்து எங்களுக்கும் வெற்றிலை கொடுத்தார். என்னைக் குலதெய்வம் என்று கூப்பிட்டுக் கிண்டலும் செய்தார்.

ஆனால் நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த வண்டியில் கைபிரேக் முன்னிரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் இருந்தது. பெடல் பிரேக்கோடு சம்பந்தமில்லாத தனிப் பிரேக் அது, வண்டி நின்றபிறகு பிடித்துவைக்கத்தான் உதவும், ஓடுகிற வண்டியை நிறுத்த அதன் பலம் போதாது. போர்மேனின் வலக்கை அதன்மேல் இருந்தது. மீன் விலை கேட்டபோதும் எடுக்கவில்லை. வெற்றிலையை இடக்கையால் வாங்கிக்கொண்டார், அத்தை அதற்கு முகம் சுளித்ததையும் பொருட்படுத்தவில்லை.

பாதி வழியில் சமதரையான ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். நான் இறங்கி டிரம்மைத் தொட்டேன். வெதுவெதுப்புதான். நன்றாக ஆறியிருந்தது. பெடலை அசைத்துப் பார்த்தேன். பட்டறையில் நின்ற இடத்தைவிட ஆழமாகப் போயிற்று. டிரம் ஆறிச் சுருங்கியிருக்கிறது, பட்டைக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அந்தச் சரிவு இன்னும் முன்னால் இருக்கிறது.

ஸ்பானரை எடுத்தேன். "ஒரு சுத்து ஏத்திடுறேன்" என்றேன் மெதுவாக, உள்ளே கேட்காதபடி.

போர்மேனும் பெடலை மிதித்துப் பார்த்தார். ஒரு தடவை அல்ல, பல தடவை. பிறகு தலையை ஆட்டினார்.

"வேண்டாம்."

"ஆழமா போகுதே சார்."

"போகுது. ஆனால் அடிப்பலகையிலை முட்டேல்லை. அதுக்கு முன்னமே பிடிக்குது. இப்ப ஏத்தினால் சரிவிலை சூடேறி மறுபடி இறுகும். நேத்து சவரிமுத்து செய்ததைத்தான் நீர் இப்ப செய்யப்போறீர், அதே நல்லெண்ணத்தோடை."

ஸ்பானரை உள்ளே வைத்தேன். தம்பிகளே, நான் செய்த வேலைகளைவிட அன்று செய்யாமல் விட்ட அந்த ஒரு சுற்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பயம் வந்தால் கை தானாக முறுக்கத்தான் போகும். பயத்தை அடக்கிக்கொண்டு கையைச் சும்மா வைத்திருப்பதற்குத் தனி வைராக்கியம் வேண்டும், அது அவரிடம் இருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் இருந்த கசப்பு கரைந்துபோயிற்று.

சரிவு வந்தது. போர்மேன் சவரிமுத்துவிடம் பேச்சோடு பேச்சாக, "இறங்க முன்னமே சின்ன கியருக்குப் போம். பிரேக்கை மேலை வச்சே ஒருக்கா மிதிச்சுப் பாரும், கீழை போய்ப் பாக்கவேண்டாம்" என்றார். சவரிமுத்து அப்படியே செய்தார். இஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்துவைத்தது. பாதிச் சரிவில் பார்த்தால், கீழே பாலத்துக்கு முன்னால் ரப்பர் ஷீட் ஏற்றிய லோரி ஒன்று வழியை அடைத்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி. மாடு நடுச்சாலையில் படுத்துவிட்டது.

சவரிமுத்து மிதித்தார். பெடல் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. நான் எட்டிப்பார்த்தேன், அவருடைய வெறுங்கால் கீழே கீழே இறங்கியது. லோரியின் பின்பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு முருகனைக் கூப்பிடக்கூட நேரமில்லை.

அப்புறம் பிடித்தது. முரட்டுத்தனம் இல்லை, கிறீச்சென்ற சத்தம் இல்லை. அழுத்த அழுத்த வண்டி தணிந்து, லோரிக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டி நிற்கலாம் என்கிற அளவுக்கு இடம்விட்டு நின்றது. வண்டிக்குள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "ஏன் நின்னுடுச்சு?" என்று அத்தை கேட்டார். "மாடு படுத்திருக்கு" என்றார் போர்மேன். "நல்ல சகுனம்" என்றார் அத்தை.

மாட்டுக்காரர் வாலை முறுக்கி மாட்டை எழுப்பினார். பாலத்தைக் கடந்து கோயில் வாசலுக்குப் போனபோது நாதஸ்வரக்காரர்கள் தயாராக நின்றார்கள். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. அதிகமாக இல்லை, ஆனால் இருந்தது. மணப்பெண் கோயில் வாசலில்தான் காலைத் தரையில் வைத்தாள். உள்ளே போகுமுன் போர்மேனைத் திரும்பிப் பார்த்துக் கைகூப்பினாள். தகப்பனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க சார், முதல் பந்தியில உக்காரணும். காலையில பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. "வாறம், நீங்கள் போங்கோ" என்று அனுப்பிவைத்தார் போர்மேன்.

எல்லாரும் போய்விட்டார்கள். சவரிமுத்து மூட்டைகளைச் சுமந்துகொண்டு உள்ளே போனார். போர்மேன் மட்டும் இறங்காமல் முன்னிருக்கையிலேயே இருந்தார். நான் அவர் பக்கம் போனேன். வலக்கை இன்னும் கைபிரேக்கின்மேல்தான் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் எடுத்தார். உள்ளங்கையில் அந்தப் பிடியின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. சட்டையின் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. அவ்வளவு வியர்வையோடு அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

எனக்கு அவரிடம் ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும்போல் இருந்தது. "பெரிய ஆளு சார் நீங்க" என்றேன். "நம்ம வேலைமேல அவ்ளோ நம்பிக்கை இருந்ததாலதானே, அந்தப் பொண்ணு கேட்டதும் யோசிக்காம வண்டியில ஏறுனீங்க!"

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"விசர்க்கதை கதைக்கிறீர். அவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தால் பட்டறை வாசலிலை நிண்டு கையைக் காட்டி அனுப்பியிருப்பன். டிரம் ஆறினால் பெடல் எவ்வளவு இறங்கும் எண்டு எனக்கும் தெரியேல்லை. தகப்பன் கேட்டபோது 'சேரும்' எண்டு சொல்ல வாய் வரேல்லை. அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்குத்தான் பொய் சொல்லாமல் 'ஓம்' எண்டு சொல்ல ஏலுமாயிருந்தது."